வெயிலும் காற்றும் அணைநீரும்

கேரளத்தில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மழையைப் பற்றி இருவகை நினைவுகள் உண்டு. இங்கே இடவப்பாதி பிறந்துவிட்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் உலராது. ஊரிலோ ஐப்பசி பிறக்கும் வரை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டிற்கும் இடையே உள்ள தூரம் பெரிதன்று. திருவனந்தபுரத்தில் ரெயில் ஏறி, நாகர்கோவிலையும் தோவாளையையும் தாண்டி, ஆரல்வாய்மொழியைக் கடந்துவிட்டால் போதும். வாழையும் தென்னையும் பின்தங்கிவிடும். பனையும் உடைமரமும் செம்மண்ணும் எதிர்ப்படும். அத்துடன் இரு மருங்கிலும் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுழலும் காட்சியும் தொடங்கிவிடும்.

"வெயிலையும் காற்றையும் தவிர அந்தப் பொட்டலில் வேறென்ன விளையும்?" என்று சலித்துக்கொள்வது நம் பக்கத்துப் பெரியவர்களின் வழக்கம். இன்று அவை இரண்டுமே விளைச்சலாகிவிட்டன. 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய காற்றாலைகள் சில நிறுவப்பட்டன. இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். 2016-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் திறனுடைய சூரியஒளி மின்நிலையம் எழுந்தது. மழை பொய்த்த சீமை என்று பெயரெடுத்த பூமியே மின்சாரம் விளையும் பூமியாக மாறியிருக்கிறது.

ஆயினும் இவ்விரு செல்வங்களுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. நாம் அழைக்கும்போது அவை வருவதில்லை, வரும்போது காத்திருப்பதுமில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஐப்பசியில் அதே இடத்துக் காற்றாலை அசையாது நிற்பதையும் காணலாம். நடுப்பகலில் எரிக்கும் கதிரவன், வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் மறைந்துவிடுகிறான். நம் இல்லங்களில் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, குளிரூட்டும் பெட்டி ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்குவது அதன் பின்னரே. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. இம்மாநிலத்தின் பெருமையான இடுக்கி மின்நிலையத்தின் முழுத் திறனோ 780 மெகாவாட்தான். எஞ்சியதில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்து விலைக்கு வாங்கப்படுகிறது. மாலை நேர மின்சாரம் பகல் நேர மின்சாரத்தைக் காட்டிலும் விலை மிக்கது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலுக்கும் காற்றுக்கும் இல்லாத ஒரு குணம் அணைநீருக்கு உண்டு. அது காத்திருக்கும். மதகைத் திறந்த சில நிமிடங்களில் சுழலி சுழன்று மின்சாரம் பாயும். மூடினால் நீர் மீண்டும் தேக்கத்திலேயே அமைதியாக நிற்கும். வெயில் மிகுந்த வறண்ட நாடுகளில் அணையையும் கதிரவனையும் காற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து நடத்தலாமா என்னும் கேள்வி இதிலிருந்தே பிறந்தது. அதைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆயிரம் லிட்டர் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அதில் அடங்கியுள்ள ஆற்றல் சரியாக ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஈடாகும். இயந்திரங்களில் ஏற்படும் சேதாரத்தையும் கழித்துப் பார்த்தால் இன்னும் சற்று அதிக நீர் வேண்டும். இடுக்கி நீர் மூலமற்றத்தில் மலையைக் குடைந்து அமைத்த நிலையத்தை அடைவதற்கு அறுநூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. அவ்வளவு உயரம் வாய்த்திருந்தும், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ எழுநூறு லிட்டர் நீர் செலவாகிறது. மாதம் இருநூறு யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்திற்கு அங்கிருந்தே முழு மின்சாரமும் வருவதாக வைத்துக்கொள்வோம். அவ்வீட்டாருக்காக மாதந்தோறும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் நீர் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும்!

இப்போது அக்குடும்பத்தின் பகல் செலவான நூறு யூனிட்டைச் சூரியஒளியே தந்துவிடுகிறது என்று கொள்வோம். எழுபதாயிரம் லிட்டர் நீர் அணையிலேயே தங்கிவிடுகிறது. வெயில் நீரை உண்டாக்கவில்லை. ஆனால் நீரின் செலவை ஒத்திப்போட்டுவிட்டது. பகலில் மிச்சமான அந்நீர் இரவிலோ, மழை பிந்திய மாதத்திலோ நமக்குக் கைகொடுக்கும்.

ரெயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதை எளிதில் விளக்க ஓர் உவமை கிடைக்கிறது. நிலையங்களில் அன்றாட வேலையைப் பார்க்கும் குமாஸ்தாக்கள் உண்டு. அவர்களுள் எவரேனும் விடுப்பில் போனால் அந்த இடத்தை நிரப்புவதற்கென்றே வைக்கப்பட்டுள்ள லீவ் ரிசர்வ் ஆட்களும் உண்டு. அந்த ரிசர்வ் ஆளையே அன்றாட வேலையிலும் அமர்த்திக் களைப்படையச் செய்துவிட்டால், அவசர காலத்தில் கவுண்டரை மூட வேண்டியதுதான். அணைநீர் அத்தகைய ரிசர்வ் ஆள். வெயிலும் காற்றும் வேலைக்கு வரும் நாளில் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அவை வராத வேளையில் அதை அழைக்க வேண்டும்.

மூன்று பருவத்தின் பொருத்தம்

நம் தென்பாண்டிச் சீமையில் இயற்கையே இந்த முறையை வகுத்து வைத்திருப்பது வியப்புக்குரியது. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் கேரளத்தின் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. ஈரம் இழந்த காற்றோ ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு கீழ்த்திசைச் சமவெளியில் பாய்கிறது. அகன்ற ஆறு குறுகிய பாலத்தடியில் விரைவதைப்போலவே காற்றும் கணவாயில் விரைவடைகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்ததன் இரகசியம் இதுவே.

புரட்டாசி முடியக் காற்று ஓய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து மணிமுத்தாறு முதலிய அணைகளை நிரப்புகிறது. தை பிறந்தபின் மழையும் இல்லை, காற்றும் இல்லை. தெளிந்த வானமும் வெயிலுமே மிஞ்சுகின்றன. ஆகவே காற்று, மழை, வெயில் ஆகிய மூன்றும் ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துக்கொண்டு வருகின்றன. ஒன்றை மட்டும் நம்பியவனுக்கு ஆண்டில் பாதி நாள் பஞ்சம். மூன்றையும் கோத்து வைத்திருப்பவனுக்குப் பஞ்சம் குறையும்.

எங்கெங்கு நடந்திருக்கிறது?

இது வெறுங்கற்பனையன்று. சீனத்தின் சிங்காய் மாகாணத்தில் மஞ்சளாற்றின் மேற்பகுதியில் லாங்யாங்சியா என்னும் அணை இருக்கிறது. அதன் நீர்மின் திறன் 1,280 மெகாவாட். குளிர் மிகுந்ததாயினும் வறண்ட மேட்டுநிலம் அது. 2013 முதல் இரு கட்டங்களாக 850 மெகாவாட் சூரியஒளி நிலையம் அங்கே அமைக்கப்பட்டு, அணையின் மின்நிலையத்துடனேயே இணைக்கப்பட்டது. மேகம் மறைத்துச் சூரியஒளி மின்சாரம் குறையும்போது நீர்ச்சுழலி உடனே ஈடுகட்டுகிறது. வெயில் ஏறும்போது நீர் அடங்குகிறது. வெளியே செல்லும் மின்சாரம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது. அணைக்கென்று முன்பே போட்ட மின்பாதையே இரண்டுக்கும் பயன்படுவது மற்றோர் இலாபம்.

அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்கு உரிய எல் ஹியர்ரோ என்னும் சிறு தீவு மற்றொரு வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே ஐந்து காற்றாலைகள், மொத்தம் 11.5 மெகாவாட். பழைய எரிமலைக் குழி ஒன்றை மேல்தேக்கமாக்கி, கீழே மற்றொரு தேக்கம் கட்டினார்கள். காற்று மிகும்போது அம்மின்சாரத்தால் கீழ்நீரை மேலே ஏற்றுகிறார்கள். காற்று ஓய்ந்தால் மேல்நீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று வாரங்களுக்கு மேல் தொடர்ந்து அத்தீவு டீசல் எண்ணெய் இல்லாமலே விளக்கெரித்தது.

இவ்வாறு நீரை ஏற்றி இறக்கும் முறைக்கு நீரேற்று மின்திட்டம் என்று பெயர். நமக்கும் இது புதிதன்று. கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 400 மெகாவாட். நான்கு யூனிட் செலவிட்டு நீரை மேலேற்றினால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று யூனிட்தான். நட்டமல்லவா என்று தோன்றலாம். எவரும் வாங்காத நேரத்து நான்கைக் கொடுத்து, எல்லோரும் கேட்கும் நேரத்து மூன்றைப் பெறுவது நட்டமாகாது. கலம் நெல்லை அறுவடையில் குதிரில் போட்டு வைத்து ஆனி மாதத்தில் எடுப்பவன், எலி தின்ற சிறு பகுதிக்காக வருந்துவதில்லை.

வெயிலும் காற்றும் நீரேற்றமும் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் பெருமுயற்சி ஆந்திரத்தின் கர்னூல் வட்டாரத்தில், பின்னாபுரம் என்ற ஊரில் மேற்கொள்ளப்பட்டது. இராயலசீமையின் அந்தப் பாறைப் பூமி வெக்கைக்கும் வறட்சிக்கும் பெயர்பெற்றது. அங்கே நீரேற்று நிலையத்திற்கு 1,680 மெகாவாட் திறன் வகுக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டடப் பணி தொடங்கிவைக்கப்பட்டது. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இத்திட்டம் ஆற்றின் குறுக்கே அணை கட்டவில்லை. அருகிலுள்ள கோரகல்லு நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு முறை நீரை எடுத்துக்கொண்டு, அதே நீரையே மேலும் கீழுமாக மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே ஏற்பாடு. ஆவியாகிப் போகும் நீரை மட்டும் அவ்வப்போது நிரப்பினால் போதும். மழை குறைந்த நாட்டிலும் நீர்மின்சாரம் கூடும் என்பதற்கு இதுவே வழி.

நம் கேரளத்திலும் தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது. வயநாட்டின் பாணாசுரசாகர் நீர்த்தேக்கத்தில் 2017 டிசம்பரில் 500 கிலோவாட் மிதக்கும் சூரியஒளி நிலையம் தொடங்கப்பட்டது. உள்ளே வெற்றிடம் உள்ள சிமென்ட் மிதவைகளின் மேல் பலகைகளைப் பொருத்தி, நீர்மட்டம் ஏறினால் ஏறவும் இறங்கினால் இறங்கவும் அமைத்தார்கள். காயங்குளத்தில், நாப்தா எண்ணெயில் இயங்குவதற்கென்று கட்டிய பழைய மின்நிலையத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில், 92 மெகாவாட் மிதக்கும் நிலையம் 2022-இல் முழுமை பெற்றது.

பலகையை நீரில் மிதக்கவிடுவதில் இரட்டைப் பயன் உண்டு. வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகமாகும் என்று நாம் எண்ணுவது முழு உண்மையன்று. பலகை வேண்டுவது ஒளியை, சூட்டையன்று. 25 டிகிரிக்கு மேல் பலகையின் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் விளைச்சல் நூற்றில் ஏறத்தாழ அரைப்பங்குக்குச் சற்றுக் குறைவாக இழக்கப்படுகிறது. நீரின் அருகாமை அதைக் குளிர்விக்கிறது. மறுபுறம், வறண்ட பகுதிகளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு மீட்டர் உயரம் வரை நீர் ஆவியாகிப் போகிறது. பலகையின் நிழல் விழும் இடத்தில் அந்த இழப்பு குறைகிறது. குஜராத்தில் 2012-ஆம் ஆண்டு நர்மதைக் கால்வாயின் மேலேயே பலகைகளைப் பந்தல்போல் வேய்ந்ததும் இக்கருத்தினால்தான்.

நீர் யாருடையது?

இவ்வளவும் கேட்டபின், தமிழ்நாட்டின் எல்லா அணைகளிலும் உடனே இதைச் செய்துவிடலாமே என்று ஆவல் எழக்கூடும். இங்கேதான் நிதானம் வேண்டும். இடுக்கி நீர் முதன்மையாக மின்சாரத்திற்கென்று தேக்கப்பட்டது. பாபநாசம், மணிமுத்தாறு நீரோ வயலுக்கு உரியது. இங்கே வந்து முப்பது ஆண்டுகள் ஆனபின்னும், நாளேட்டைப் பிரித்தவுடன் பாபநாசம் 143 அடியில் எத்தனை அடி, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை அடி என்று பார்க்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. கார் நடவிற்கும் பிசானத்திற்கும் நீர் திறக்கும் நாளை அவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். பகலில் வெயில் இருக்கிறது, ஆதலால் மதகை மூடுங்கள் என்று மின்வாரியம் சொன்னால் வாய்க்காலின் கடைமடை காய்ந்துபோகும். மாலையில் மொத்தமாகத் திறந்தாலோ கரை தாங்காது. நகரத்தின் விளக்குக்காக நாற்றங்கால் வாடுவதை எந்த நியாயமும் ஏற்காது.

இச்சிக்கலுக்கு விடை நம் நாஞ்சில் நாட்டிலேயே இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு கட்டிய பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டு முதல் அம்மண்ணின் வயல்களை வளர்த்து வருகிறது. அதற்கு மேலே மலையில் கோதையாறு மின்நிலையங்கள் இரண்டு, மொத்தம் 100 மெகாவாட் திறனுடன் உள்ளன. மலையில் மின்சாரம் தந்த நீர் கீழே பேச்சிப்பாறைத் தேக்கத்தை வந்தடைகிறது. மேலே எந்த நேரத்தில் சுழலியை ஓட்டினாலும், கீழுள்ள அணை அந்நீரை வாங்கி வைத்துக்கொண்டு உழவனுக்கு வேண்டிய அளவில் சீராகத் திறந்துவிட முடியும். முப்பந்தல் காற்றாலைகளோ அதே மாவட்டத்தில், மலையின் கீழைச்சாரலில் சுழல்கின்றன. காற்று மிகுந்த நாளில் கோதையாற்று நீரை நிறுத்தி வைப்பதும், காற்று அடங்கிய மாலையில் அதைத் திறப்பதும் உழவனுக்குத் தீங்கில்லாமலே நடக்கக்கூடும். மேலே ஒரு தேக்கம், கீழே ஒரு தேக்கம் என்னும் அமைப்பு இருக்குமிடத்தில் விளக்கும் வயலும் பகைப்பதில்லை. அவ்வமைப்பு இல்லாத இடத்தில், வயலுக்கே முதலுரிமை என்று எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நீர்ப்பரப்பில் வலைவீசிப் பிழைக்கும் மீனவரையும், பொட்டல் என்று நாம் சொல்லும் நிலத்தில் ஆடு மேய்க்கும் இடையரையும் மறந்துவிடலாகாது. தேக்கம் முழுவதையும் பலகையால் மூடிவிட்டால் மீனவர் எங்கே போவார்? மேய்ச்சல் காட்டுக்கு வேலியிட்டுவிட்டால் மந்தை எங்கே போகும்? அவர்களுக்குரிய பகுதியை ஒதுக்கியபின் எஞ்சியதில் அமைப்பதே அறம்.

நீரை மட்டும் நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாடு தன் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை அணைகளிலிருந்தே பெற்று வந்தது. 2024-ஆம் ஆண்டு கடும் வறட்சியில் கரிபா என்னும் பேரணை வற்றியது. நாள்தோறும் பல மணி நேரம் அந்நாடு இருளில் கிடந்தது. நமக்கும் எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. 2023-ஆம் ஆண்டில் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மழை நிறைந்த மலையாள நாடும் ஒரே துணையை நம்பி உட்கார்ந்திருக்க இயலாது.

நம்மால் ஆவது

அணையும் காற்றாலையும் கட்டுவது அரசின் வேலை. நமக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். பங்கு உண்டு. மின்சாரத்தை எவ்வளவு செலவிடுகிறோம் என்பதைப் போலவே, எப்போது செலவிடுகிறோம் என்பதும் கணக்கில் சேர்கிறது. மாவரைப்பதையும், துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுவதையும், மோட்டாரில் தண்ணீர் ஏற்றுவதையும் விளக்கு வைக்கும் நேரத்திற்கு முன்னமே முடித்துவிடும் இல்லத்தரசி, தம்மை அறியாமலே இடுக்கியில் சில ஆயிரம் லிட்டர் நீரைச் சேமித்து வைக்கிறார். ஊரில் நிலம் வைத்திருப்போர், காற்றாலைக்கோ சூரியஒளிப் பலகைக்கோ அதைக் குத்தகைக்கு விடுமுன், பக்கத்து உழவனின் வாய்க்காலும் ஆட்டுமந்தையின் பாதையும் அடைபடாதவாறு பத்திரத்தில் எழுதிக்கொள்வது நன்று.

நம் பிள்ளைகள் இங்குள்ள பொறியியற் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயில்கிறார்கள். இரண்டு மாநிலங்களின் மழையையும் மொழியையும் அறிந்த அவர்களைப் போன்றோர், இரு மாநிலங்களின் மின்பாதைகளையும் பொருத்திப் பார்க்கும் வேலைக்கு மிகவும் தகுதியுடையவர்கள். மலைக்கு மேற்கே மழை பெய்யும்போது கிழக்கே காற்று வீசுகிறது. இங்குள்ள நீரும் அங்குள்ள காற்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும்படி நடத்தினால், இரு பக்கத்து மக்களும் பயனடைவார்கள். காற்றடிக்கும் ஆடியில் அவர்களுடைய மின்சாரத்தை நாம் வாங்கிக்கொண்டு நம் அணையை நிறைத்து வைப்பதும், காற்றில்லாத மாலையில் நம் நீரின் மின்சாரத்தை அவர்களுக்கு அனுப்புவதும் அண்டை வீட்டார் உப்பும் புளியும் கைமாற்றிக்கொள்வதைப் போன்றதே. அந்தக் கைமாற்றுக்கு நியாயமான கணக்கும், இரு தரப்பிலும் நம்பிக்கையும் வேண்டும். அக்கணக்கை நேர்மையாக எழுதக்கூடிய இளைஞர்கள் நம் குடும்பங்களிலிருந்து தோன்றுவார்களாக.